வட்டாரம் சொன்னது

எங்கள் ஊர்ப் பெயரே கொஞ்சம் மிகையான செய்திதான். எப்போதோ சரிந்தது மண். வெள்ளைக்காரர் வைத்ததோ பனிச்சரிவுக்குச் சொல்லும் 'அவலாஞ்ச்' என்ற பெயர். நம் வாயில் அது அவலாஞ்சி ஆயிற்று. அப்படிப்பட்ட ஊர்க்காரன் நான்.

காலைப் பனிமூட்டத்தில் என் வீட்டு கேட்டே எனக்குத் தெரியாது. ஆனால் கோட்டையில் யார் இலாகா யாருக்குப் போகிறது என்பது பளிச்சென்று தெரியும். ஜூனியர் விகடனின் மிஸ்டர் கழுகு, நக்கீரனின் ராங்கால், தினமலரின் டீக்கடை பெஞ்ச் என்று படித்து வளர்ந்த உடம்பு இது. பெயர் போட்டுச் சொன்னால் அது அறிக்கை. பெயர் போடாமல் சொன்னால்தான் எனக்குச் செய்தி.

போன மாதம் ஒரு வீடியோவில், வெள்ளிக்கிழமை அமைச்சரவை மாற்றம் என்றார்கள். டீக்கடையில் சொல்லிவிட்டு வந்து வீட்டிலும் சொன்னேன். வீட்டுக்காரி வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"யாருங்க சொன்னது?"

"நெருங்கிய வட்டாரம்."

"யாருக்கு நெருக்கம்? அமைச்சருக்கா, வீடியோக்காரருக்கா?"

"பெயர் சொன்னா அந்த ஆளு வேலை போயிடும்டி. அமெரிக்காவுல நிக்சன் கதையை வெளியே கசியவிட்ட மார்க் ஃபெல்ட் யாருன்னு 2005 வரைக்கும் உலகத்துக்கே தெரியாது."

"அவர் சொன்னதை அப்படியே போட்டாங்களா, விசாரிச்சுப் போட்டாங்களா?"

விசாரித்துத்தான் போட்டார்கள். தேவையில்லாமல் உதாரணம் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

"சரி, இதைச் சொல்றதுல உங்க வட்டாரத்துக்கு என்ன லாபம்?"

2019 ஆகஸ்டில் இங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது மழைமானியைப் பார்த்து எழுதிய கணக்கு. கோட்டைக்குள் அப்படியொரு மானி இல்லாததால் இவள் என்னைக் குடைகிறாள்.

கேள்விப்பட்ட செய்தியில் பிரதமருக்கே சறுக்கியிருக்கிறது. 1979 மார்ச் 22 அன்று ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாக மொரார்ஜி தேசாய் மக்களவையில் அறிவித்தார். ஜே.பி.யோ பம்பாயில் ஒரு மருத்துவமனையில் உயிரோடு இருந்தார்; காலமானது அக்டோபர் 8. 2016 டிசம்பர் 5 மாலையும் அதே கதைதான். ஜெயலலிதா மறைந்துவிட்டதாகச் சில சேனல்கள் சொல்ல, கட்சி அலுவலகக் கொடி இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி ஏறியது. முறையான அறிவிப்பு வந்தது நள்ளிரவு கடந்து. அந்த மாலையில் நான் நாலு பேருக்குப் போன் போட்டேன். மறுப்பு வந்த பிறகு அதே நாலு பேருக்குப் போட, என்னவோ சிக்னல் கிடைக்கவில்லை.

வீடியோ பார்த்த மறுநாள் ஊட்டி பஸ் கண்டக்டரே கேட்டார்: "வெள்ளிக்கிழமை மந்திரிசபை மாறுதாமே?" இரண்டாவது வட்டாரம்! ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, ஒரு வாரப் பாத்திரம் பந்தயம் கட்டினேன்.

"கண்டக்டருக்கு யார் சொன்னாங்களாம்?"

விசாரித்தேன். டீக்கடைக்காரர். அவரிடம் போனேன். "என்ன சார், நீங்கதானே சொன்னீங்க!"

வெள்ளிக்கிழமை போய்விட்டது. அமைச்சரவை அப்படியே இருக்கிறது. நான்தான் பாத்திரம் கழுவுகிறேன். உறைபனிக் காலத்தில் அவலாஞ்சிக் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை என் பெயரைப் போட்டே எழுதிக்கொள்ளலாம்.