வெள்ளிக்கிழமை விவசாயிகள்

2022 ஜூனில் இலங்கை அரசாங்கம் தன் உத்தியோகத்தர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தது. வீட்டுத் தோட்டம் செய்து நாட்டைப் பட்டினியிலிருந்து காப்பாற்ற வேண்டுமாம். முந்தைய ஆண்டு இரசாயன உரத்தைத் தடைசெய்து, பிறகு தடையை விலக்கி, டொலரும் தீர்ந்த பின் பிறந்த ஞானம் அது.

கற்பிட்டியில் செய்தியை மரியாதையோடு கேட்டார்கள். இங்கே கிடப்பது கடல் மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காது, போடுகிற உரமும் நிற்காது. இரண்டும் நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும். இந்த மணலில் வெங்காயமும் மிளகாயும் எடுக்கிறவருக்கு வாரத்தில் ஏழு நாள் போதவில்லை. உத்தியோகத்தருக்கு ஒரு நாள் போதும். அதிலும் நண்பகலில் ஜும்ஆத் தொழுகை.

தோட்டத்தோடு கோழியும் வளர்ப்பது நல்ல யோசனைதான். கோழிக்குச் சுற்றறிக்கை வாசிக்கத் தெரியாததுதான் குறை. காலையில் நட்ட கத்தரி நாற்றைப் பகலுக்குள் கிளறிவிட்டு, எருவை மட்டும் பக்கத்து வளவில் போட்டுவிட்டு வரும். நடுவில் பழைய மீன்வலையைக் கட்டினால் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை என்பதால் எந்த அமைச்சருக்கும் அது தோன்றவில்லை.

கோழித் தீனிக்குச் சோளம் இறக்குமதி செய்ய டொலர் இருக்கவில்லை. தீனி விலை ஏறியது. பண்ணைகளில் கோழி குறைந்தது. கடைசியில் 2023 மார்ச்சில் இந்திய முட்டை கப்பலில் வந்து இறங்கியது. இந்தியக் கோழிகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடையாது போலும்.