பேர் வெட்டிய பாத்திரம்

1984-இல் அக்கா கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கக் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஒரு கடையில் போய் உட்கார்ந்தோம். உட்கார்ந்தபோது காலை பத்து மணி. எழுந்தபோது மூன்று. நடுவில் இரண்டு தடவை காபி வந்தது, கடைக்காரர் செலவில்.

அம்மா ஒவ்வொரு பித்தளை அடுக்கையும் விரல் முட்டியால் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டாள். 'ணங்'கென்று நாதம் நீண்டால் வலப்பக்கம். 'டப்' என்று அமுங்கினால் இடப்பக்கம். அதில் ஒட்டு இருக்கிறது என்று தீர்ப்பு. கடைக்காரர் மறுத்துப் பேசிப் பார்த்துவிட்டு ஓய்ந்தார். பழைய தவலை ஒன்றைக் கொண்டுபோயிருந்தோம். அதற்குக் கழிவு போடும் சண்டை மட்டும் தனியாக அரை மணி நேரம்.

பணத்துக்குப் பஞ்சமில்லை. மாசம் பத்து ரூபாய் வீதம் மூன்று வருஷம் அதே கடையில் பாத்திரச் சீட்டு கட்டியிருந்தாள் அம்மா. 360 ரூபாய்க்கும் அத்தாட்சி ஓர் அட்டையும் அதில் கடைக்காரர் கிறுக்கிய கையெழுத்தும்தான். யோசித்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குப் பொருள் வாங்கும் முன்பே கடைக்காரர் நமக்குக் கடன்பட்டிருந்தார். இன்று மாதத் தவணையில் மிக்ஸி வாங்கிவிட்டு நாம் கடன்பட்டிருக்கிறோம். இதற்கு வசதி என்று பேர்.

கடைசியில் பேர் வெட்டும் படலம். கடை வாசலில் ஒருவர் சின்ன உளியும் சின்னச் சுத்தியலுமாகக் குந்தியிருப்பார். புள்ளி புள்ளியாக எழுத்து விழும். அக்கா பேர் ஞானாம்பாள். அவர் 'நானாம்பாள்' என்று வெட்டினார். நான்கு அடுக்கு முடிந்த பிறகுதான் பார்த்தோம். அம்மா கத்திய கத்தலில் எதிர்க்கடை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "பேர் வெட்டியாச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் அவர் நிதானமாக. அக்கா இன்றும் மாயவரத்தில் நானாம்பாள் அடுக்கில்தான் அரிசி கொட்டி வைக்கிறாள்.

அந்த அம்மாவுக்குப் பெண்ணாகப் பிறந்த நான் சென்னையில் குடியிருக்கிறேன். 2010-இல் ஃபிளிப்கார்ட், பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்றபோது என்ன நம்பிக்கை என்று வியந்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி, பொருள் தீர்ந்துபோன பிறகும் ஒன்றாம் தேதிவரை பொறுத்திருந்தவர். அவரை யாரும் வியக்கவில்லை. 2013-இல் அமேசானும் வந்தது. பிறகு என் வீட்டுக்குள் வந்ததில் பாதி அட்டைப்பெட்டியில் வந்ததுதான்.

போன மாசம் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. பித்தளை காபி ஃபில்டர் ஒன்று கொடுத்தனுப்ப ஆசைப்பட்டேன். ராத்திரி பதினொன்றரைக்குக் கட்டிலில் படுத்தபடியே தேடினேன். 'பாரம்பரிய கும்பகோணம் ஃபில்டர்'. விலை 2,499 என்று போட்டு அடித்து, கீழே 1,399. ஆயிரத்து நூறு ரூபாய் லாபம்! அம்மா பாத்திரத்தைத் தட்டினாள். நான் படத்தைத் தட்டினேன். மூன்றாம் நாள் வந்துவிட்டது.

பேர் வெட்டாத பாத்திரம் ஊரான் பாத்திரம் என்பது அம்மா வாக்கு. எங்கள் பேட்டையில் இருந்த பாத்திரக்கடை மூடி, அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். நான் அந்தக் கடையில் கடைசியாக எதை வாங்கினேன் என்று கேட்காதீர்கள். ஃபில்டர் வந்த அடுத்த வாரம் உறவில் ஒரு கல்யாணம், கும்பகோணத்தில். ஃபில்டரையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அதே கடை. பழையவரின் மகன் கல்லாவில் இருந்தார்; அவருக்கும் இப்போது அறுபது தாண்டியிருக்கும். வேறு எங்கோ வாங்கிய பொருளுக்கு இங்கே வந்து பேர் வெட்டச் சொல்கிறோமே என்று எனக்குக் கூச்சம். "யாரோ அன்பளிப்பா கொடுத்தாங்க" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன்.

அவர் வாங்கி, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். ணங். கவிழ்த்து அடிப்பாகத்தைக் காட்டினார். மிளகளவு முத்திரை, அந்தக் கடையின் பேர்.

"நம்ம சரக்குதாம்மா. பையன் பின்கட்டுல உக்காந்து பெட்டி கட்டி அனுப்பறான்."

எட்டிப் பார்த்தேன். சீட்டு அட்டைகள் தொங்கிய சுவரில் இப்போது பழுப்பு டேப் சுருள்கள்.

"என்ன விலைம்மா போட்டிருந்தான்?"

சொன்னேன்.

"இங்க எடை போட்டா ஆயிரத்தி நூறுதான் வரும். கமிஷன், அனுப்பற செலவு எல்லாம் பிடிச்சுக்கிட்டு எங்களுக்கும் கிட்டத்தட்ட அதான் மிஞ்சுது. என்ன, பத்து நாள் கழிச்சு வருது."

காபி வரவழைத்தார். அதை என்னால் மறுக்க முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

உளிக்காரர் இப்போது இல்லை. பேனா மாதிரி ஒரு மின்கருவியை வைத்துக்கொண்டு இருபது வயதுப் பையன் ஒருவன் 'கிர்ர்' என்று இழுத்து இரண்டு நிமிஷத்தில் முடித்தான். எவ்வளவு என்று பர்ஸைத் திறந்தேன்.

"நம்ம கடையில வாங்கினதுக்குப் பேர் வெட்டக் காசு வாங்கறதில்லம்மா" என்றார் பெரியவர்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். என் மகள் பேர் யாழினி. 'யாழிணி' என்று வெட்டியிருந்தான். திருப்பி அனுப்பும் கெடு இன்னும் இரண்டு நாள் இருந்தது.