ஷோரூமில் வீடு, ரோட்டில் வண்டி

எல்க்கார்ட், இந்தியானா

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் வீட்டு விசேஷம் இரண்டு வரி, கேரவன் விசேஷம் மூன்று பக்கம். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்திலாவது எழுதுங்கள். பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து, படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் நசரத்பேட்டை பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டிக்கும், நடக்காத நாட்களில் நவக்கிரக யாத்திரைக்கும் வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காக்காரன் இதில் பழம் தின்று கொட்டை போட்டவன், அவன் எப்படிக் கட்டுகிறான் என்று பார்த்து எழுது என்பது உத்தரவு. ஆனால் அவன் எப்படிக் கட்டுகிறான் என்பதைவிட, அதை வாங்கியவர்கள் பிறகு எதை எதையெல்லாம் கழற்றி மாற்ற ஆசைப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு லாபம். அந்த ஆசைப் பட்டியலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதில் உள்ளவை ஏறக்குறைய எல்லாமே, வாங்குகிற அன்றைக்குக் கண்ணில் படாத சாமான்கள்.

ஆவடி என்றால் டாங்கி, கரூர் என்றால் பஸ் பாடி என்கிற மாதிரி, எல்க்கார்ட் என்றால் ஆர்.வி. சக்கரத்தின் மேல் கட்டிய வீட்டுக்கு இங்கே அதுதான் பெயர். தானே ஓடுவதும் உண்டு, காரின் பின்னால் கட்டி இழுப்பதும் உண்டு. இந்த நாட்டு ஆர்.வி.க்களில் பெரும்பகுதி இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் தயாராகின்றன. ஊரின் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு தொழிலைப் பொறுத்தது. 2008இல் வங்கிகள் கவிழ்ந்ததும் இங்கே ஆலைகள் மூடி, வேலையில்லாதவர்கள் அத்தனை பேர் சேர்ந்ததால், ஒபாமா பதவியேற்ற அடுத்த மாதமே, 2009 பிப்ரவரியில், இந்த ஊருக்கு வந்து பேச வேண்டியதாயிற்று. கொரோனா வந்தபோது நிலைமை தலைகீழ். விமானமும் ஓட்டலும் வேண்டாம் என்று ஜனங்கள் வீட்டோடு கிளம்ப, 2021இல் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள் வெளியே போயின. 2023இல் அது 3.13 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆலைகளில் பெரும்பாலும் பீஸ் ரேட் கூலி. விடியுமுன் ஆரம்பித்து, அன்றைய எண்ணிக்கை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். ஒருவர் எத்தனை நேர்த்தியாக வேலை செய்தார் என்பதற்கு அந்தக் கூலியில் தனியாக இடம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷோரூமில் ஏறிப் பார்த்தால் மயக்கம்தான். சுவரில் பெரிய டி.வி., அதன் கீழே நிஜ நெருப்பு மாதிரி விளக்கு நெளியும் மின்சாரக் கணப்பு, சாய்ந்து படுக்கிற சோபா, சமையல் மேடை, பட்டனை அழுத்தினால் பக்கவாட்டில் வெளியே நீண்டு ஹாலை அகலமாக்கும் சுவர். கடனை அடைக்கப் பதினைந்து, இருபது வருடம் வரை தருகிறார்கள். வாரண்டி பெரும்பாலும் ஒரே வருடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆசைப் பட்டியலுக்கு வர வேண்டும்.

பட்டியலில் முதல் ஆசை பூட்டு. வண்டியின் அடிவயிற்றில் சாமான் வைக்கும் அறைகள் இருக்கும், அவற்றுக்குப் பூட்டும் இருக்கும். ஆனால் பல கம்பெனி வண்டிகளுக்கு ஒரே சாவி. சி.எச். 751 என்று அதற்கு எண்ணே உண்டு, கடையில் போய்க் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆர்.வி.க்களை நிறுத்தித் தங்கும் முகாமில் பக்கத்து வண்டிக்காரர் உங்கள் அறையைத் திறக்காமல் இருப்பது அவருடைய நற்குணத்தால் மட்டுமே. அடுத்தது மெத்தை. இந்த ஊரில் இருவர் படுக்கும் குயின் மெத்தை 60க்கு 80 அங்குலம். வண்டிக்குள் வைப்பதற்கென்றே 74, 75 அங்குலத்தில் ஒன்று செய்கிறார்கள். ஷோரூமில் செருப்புக் காலோடு யாரும் கட்டிலில் நீட்டிப் படுத்துப் பார்ப்பதில்லை, அதனால் அந்த ஐந்தாறு அங்குலம் முதல் ராத்திரிதான் கணக்கில் வரும். அப்புறம் டயர். இழுவை வண்டிகளுக்கு, வண்டியின் எடையைத் தாங்குவதற்கு மட்டும் போதுமான, அதற்கு மேல் அதிகம் மிச்சமில்லாத டயர்களே பெரும்பாலும் வருகின்றன. விவரம் தெரிந்தவர்கள் அடுத்த தரத்துக்கு மாற்றுகிறார்கள். கூடவே கமான் பட்டையில் சீக்கிரம் தேய்கிற நைலான் புஷ்ஷை எடுத்துவிட்டு, கிரீஸ் அடிக்க வசதியுள்ள வெண்கல புஷ் போடுகிறார்கள். நீங்கள் அம்மன் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கத்தான் போகிறீர்கள். அதற்காகக் குனியும்போதே டயரின் பக்கச் சுவரில் போட்டிருக்கும் எடைக் கணக்கையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

மின்சாரம் இன்னொரு கதை. சாதாரண வண்டிக்கு முகாமில் கிடைப்பது 120 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது 3,600 வாட். கூரையில் ஒரு டன்னுக்குச் சற்று மேலான ஏசி ஓடும்போது வாட்டர் ஹீட்டரைப் போட்டுவிட்டு மைக்ரோவேவில் காபியைச் சுடவைத்தால் டிரிப் ஆகிவிடும். கம்பத்தில் மின்சாரம் இல்லாத காட்டில் நிறுத்தினால் பேட்டரிதான் கதி. வண்டியோடு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு லெட் ஆசிட் பேட்டரி, அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசு குறையும். குளிர் போக்கும் நிஜ ஹீட்டர் கேஸில்தான் எரிகிறது, ஆனால் சூட்டைத் தள்ளும் விசிறிக்கு பேட்டரி வேண்டும். கேஸ் சிலிண்டர் நிறைய இருக்க, விடியற்காலை பேட்டரி படுத்து, குடும்பம் நடுங்கும். அதனால்தான் லித்தியம் பேட்டரியும் கூரையில் சோலார் தகடும் எல்லோருடைய பட்டியலிலும் இருக்கின்றன. அந்த லித்தியத்தையும் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. இந்தியானா குளிருக்கு வேண்டிய இந்தக் கவலை உங்கள் மாங்காட்டுக்கு வேண்டாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

எல்லாவற்றுக்கும் மேலான ஆசை ஒன்று உண்டு. சாப்பாட்டு நேரத்தில் படிக்காதீர்கள். வண்டியில் மூன்று டேங்க்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்ட சுவரில் வரிசையாகச் சின்ன விளக்குகள். டேங்கின் உட்சுவரில் பதித்த ஊசிகளில் தண்ணீர் பட்டால் விளக்கு எரியும். காகிதமும் அழுக்கும் அந்த ஊசிகளில் ஒட்டிக்கொண்டபின், காலி செய்துவிட்டு வந்தாலும் முக்கால் என்றே காட்டிக்கொண்டிருக்கும். டேங்கின் வெளிப்பக்கம் ஒட்டி அளக்கிற பட்டைகள் கடையில் விற்கின்றன, அவை பொய் சொல்வது குறைவு. ஆனால் அவை பெரும்பாலும் வாங்கியவர் பின்னால் தன் காசில் ஒட்டிக்கொள்பவை. இதைவிடக் கொடுமை, தெரியாதவர் முகாமில் குழாயை மாட்டி வடிகால் வால்வைத் திறந்தே வைத்துவிடுவது. நீர் வடிந்துபோய், வடியாதது உள்ளே கோபுரமாக எழும்பிக் காய்ந்துவிடும். அப்புறம் அதைக் கரைக்கிற வேலையை எதிரிக்கும் விதிக்கக் கூடாது. நம் பழக்கத்தில் காகிதத்துக்குப் பதில் தண்ணீர் என்பதால் அடைப்பு குறையும், டேங்க் சீக்கிரம் நிறையும். ஹெல்த் ஃபாசெட் வைக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இங்கே சிலர் ஒரு நியாயம் சொல்வார்கள். அமெரிக்காக்காரனுக்குக் கை சும்மா இருக்காது, கிடைத்ததை எல்லாம் நோண்டுவான், இதெல்லாம் பொழுதுபோக்கு என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். ஸ்பைஸ் ஜாடி வைக்கத் தனி அலமாரி, படிக்கட்டுக்கு நீல விளக்கு என்று அலைபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பட்டியல் வெறும் பொழுதுபோக்காக இருந்தால் அதில் ஆடம்பரம்தானே நிறைய இருக்க வேண்டும்? இருப்பதோ பூட்டு, புஷ், டயர், பேட்டரி, கூரை ஓரத்துப் பசை. கூரை ரப்பர் விரிப்பு. அதன் ஓரங்களிலும் துளைகளிலும் பூசிய பசை வெயிலிலும் குலுக்கலிலும் வெடித்து, தண்ணீர் இறங்கி, உள்ளிருக்கும் பிளைவுட்டைச் சொத சொத என்று ஆக்கிவிடும். அதனால் வருடத்தில் ஓரிரு தரம் மேலே ஏறிப் பார்த்துப் பூச வேண்டும். மாங்காட்டில் நவம்பரில் வெள்ளம் கீழிருந்து வீட்டுக்குள் வரும், இங்கே மேலிருந்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கூரையில் ஏறிப் பசை பூசுவதை யாரும் ஆசைக்காகச் செய்வதில்லை.

இன்னொரு நியாயம் இதைவிடக் கனமானது. எல்லாவற்றையும் உயர்ந்த தரத்தில் போட்டால் விலை ஏறும், சாதாரணக் குடும்பம் வாங்க முடியாது. வேண்டுமானால் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துச் செய்யும் ஏர்ஸ்ட்ரீம் வாங்கு, 1930களிலிருந்து அவர்கள் செய்கிறார்கள், விலையைக் கேட்டுவிட்டு வா என்பார்கள். விலை வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் மலிவாகச் செய்வதற்காகத்தான் டயரில் சுருக்கினோம் என்றால், அதே வண்டியில் கணப்பும் சாய்வு சோபாவும் எங்கிருந்து வந்தன? பணம் இல்லாமல் போகவில்லை, பார்வைக்குப் படும் இடத்துக்குப் போயிருக்கிறது. வெண்கல புஷ்ஷைக் காட்டி ஒரு வண்டியையும் விற்க முடியாது, கணப்பைக் காட்டி விற்கலாம். தொழிலாளியையும் நான் குறை சொல்ல மாட்டேன், பீஸ் ரேட்டில் அவர் கை ஓடுகிற வேகத்துக்குத்தான் கூலி. இதை வீடு என்று சொல்லி விற்கிறார்கள், வாங்குபவரும் வீட்டைப் பார்க்கிற கண்ணாலேயே பார்க்கிறார். வாசலைத் தாண்டியதும் அது மணிக்கு நூறு கிலோமீட்டரில் குலுங்குகிற வண்டி.

எடை என்கிற நியாயத்துக்கு மட்டும் நான் பணிகிறேன். பெரிய தண்ணீர் டேங்க் வேண்டும் என்பது இங்கே பொதுவான ஆசை. சாதாரண டேங்க் சுமார் 150 லிட்டர். இரண்டு மடங்கு ஆக்கினால் இன்னும் 150 கிலோ கூடும். சில வண்டிகளில் சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஏற்ற அனுமதித்த எடையே 500 கிலோவுக்குள்தான், கதவருகே ஸ்டிக்கரில் போட்டிருக்கும். இந்த ஆசை மட்டும் நிறைவேறாதிருப்பதே நல்லது. ஷவரைத் திறந்துவிட்டு நிற்கிறவர்களுக்கு 150 லிட்டர் பத்தாது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த சென்னைக்காரருக்கு, ஒரு பக்கெட்டும் ஒரு மக்கும் கொடுத்தால் அதே தண்ணீரில் யாத்திரை கோஷ்டியே குளித்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். நம் ஊரில் சேஸிஸ் வாங்கிக் கரூரில் விட்டால், பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆணி ஆணியாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம், இந்த ஷோரூம் மயக்கம் நமக்கு இல்லை என்பீர்கள். பாதி சரி. உரிமையாளர் கண்ணெதிரே கட்டும் வண்டியில் நைலான் புஷ் ஒளிந்துகொள்ள முடியாது. ஆனால் உரிமையாளர் சொன்னதையெல்லாம் கட்டியதால்தான் நம் ஊர் பஸ்களில் அவசர வழியை மறித்து ஸீட்டும் பெர்த்தும் வந்தன. அதற்காகத்தான் பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ். 052 என்றும், கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்றும் விதிகள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காக்காரருக்கு வாங்கியபின் பிரித்து மாற்றும் சுதந்திரம் உண்டு. உங்களுக்கு 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்தினால் ஆர்.டி.ஓ. ஒத்துக்கொள்ள மாட்டார், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. மெத்தையைப் பிறகு மாற்றலாம், பேட்டரியைப் பிறகு மாற்றலாம். டேங்க் எங்கே உட்காரும், எடை எந்த அச்சில் விழும், வழி எந்தப் பக்கம் என்பதெல்லாம் முதலிலேயே, அனுமதியோடு முடிவாக வேண்டும். ஆகவே பழைய டெம்போவை வாங்கி உள்ளே கட்டுகிற யோசனையைவிட, கேரவனாகவே அங்கீகாரம் பெற்றுக் கட்டித் தருகிறவரிடம் போவது செலவானாலும் உருப்படியானது.

தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சினிமா நட்சத்திரங்களை விடுங்கள். சுற்றுலா வேனில் போகிற பெண்கள், நடுவழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்களே, அவர்களுக்காகவே சுத்தமான கழிப்பறை உள்ள வண்டி ஓடலாம், வாடகையும் கேட்கலாம். கேரளா 2021 செப்டம்பரிலேயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை அறிவித்து, வண்டியோடு அது போய் நிற்கும் பூங்காக்களையும் சேர்த்தே யோசித்தது. அந்தப் பூங்காதான் விஷயம். இங்கே முகாம்களிலும் பல லாரி நிறுத்தங்களிலும் டேங்கைக் காலி செய்யத் தனி இடம் உண்டு. நீங்கள் கும்பகோணத்தில் ராத்திரி பத்து மணிக்கு அந்த மூன்றாவது டேங்கை எங்கே காலி செய்வீர்கள்? உங்கள் மூன்று பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. பட்டறைக்காரரிடம் போகுமுன், உங்கள் தெருவுக்குச் செப்டிக் டேங்க் எடுக்க வருகிற லாரிக்காரரிடம் பேசுங்கள். நம் பக்கம் அவர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார், உங்கள் வண்டியிலிருந்து எடுக்க எவ்வளவு கேட்பார், திருநள்ளாறு, கும்பகோணம் பக்கம் அவருக்குத் தெரிந்த லாரிகள் உண்டா என்று விசாரித்து எழுதுங்கள். டேங்க் எத்தனை லிட்டர் என்பதை அதற்கப்புறம் நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். வண்டிக்குப் பெயர் வைத்தாயிற்று என்று எழுதியிருந்தீர்கள், ஆர்.சி. புத்தகம் வரும்வரை போர்டு எழுத மட்டும் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்