வெற்று நாள் இயல்: சிம்சன் பாலைப் பயணத் திட்டம் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆஸ்திரேலியர் அவுட்பேக் என்று அழைக்கும் உள்நாட்டுச் செம்மண் வெளியை விடுமுறைக்குள் சுற்றி வரப் புறப்படுவோர் எதையெதை ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதில் வல்லுநரிடையே கருத்து வேற்றுமை மிகுதி. உபரி டயர் ஒன்றா இரண்டா, கூடாரம் தரையிலா வண்டிக் கூரையின் மேலா, குளிர்பெட்டி நாற்பது லிட்டரா அறுபதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி உண்டு. கட்சிக்குள் உட்கட்சியும் உண்டு. மணலில் சிக்கிய சக்கரத்தின் அடியில் செருகும் பிளாஸ்டிக் பலகை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்கும் வாதம் நடக்கிறது. இவ்வளவு விரிந்த பட்டியல்களுள் ஒரே ஒரு சரக்கு மட்டும் எங்கும் காணக் கிடைப்பதில்லை. அதற்கு எடை கிடையாது, கடையிலும் விற்பதில்லை. அதுவே வெற்று நாள்: எங்கும் போகாமல், எதையும் பார்க்காமல், அட்டவணையில் கட்டம் காலியாகக் கிடக்கும் ஒரு முழு நாள். தவணை குறித்த பாலைப் பயணத்துக்கு இன்றியமையாத சரக்கு இதுவே என்பதும், வண்டியிலிருந்து முதலில் இறக்கிவிடப்படுவதும் இதுவே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

களத்தை வரையறுத்துக்கொள்வது முறை. எடுத்துக்கொண்ட இடம் சிம்சன் பாலை. தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, வடக்குப் பிரதேசம் மூன்றும் கூடும் மூலையைச் சுற்றி ஏறத்தாழ 1,76,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் மணல்மேடுகள் 1,100க்கு மேல். எடுத்துக்கொண்ட பயணி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் மெல்போர்ன் குடும்பஸ்தர். அந்நாட்டுச் சட்டம் முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. ஆனால் குளிர்காலப் பள்ளி விடுமுறை இரண்டே வாரம். அதன் இரு முனையிலும் சனி ஞாயிறை ஒட்டினால் 16 நாள் தேறும். ஏன் குளிர்காலம் எனின், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சிம்சன் பாலைப் பூங்காவைக் கோடைக்காகப் பூட்டிவிடுகிறார்கள். பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் வகுத்த தொல்காப்பியர், பின்பனியும் அதற்கு உரியதே என்று கூடவே சொல்லி வைத்தார். பூங்கா அதிகாரிகள் முதல் விதியைத் தள்ளிவிட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டனர் போலும்.

வழி இது: அடிலெய்டு, மரீ, ஊட்னடாட்டா, மவுண்ட் டேர், டல்ஹவுசி ஊற்று, அங்கிருந்து கிழக்கு நோக்கி மேடு மேடாக ஏறி இறங்கி பேர்ட்ஸ்வில், அதன்பின் பேர்ட்ஸ்வில் தடத்தில் 517 கிலோமீட்டர் இறங்கி மீண்டும் மரீ, பிறகு வீடு. மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாக வரும். இதைப் பதினாறால் வகுத்தால் நாளொன்றுக்கு 280. இந்த வகுத்தலைச் செய்து முடித்த கணத்திலேயே திட்டம் கெடத் தொடங்குகிறது. தார்ச் சாலையில் மூன்று மணி நேரத்தில் தீரும் தூரம்தானே என்று மனம் இளகுகிறது. மிச்சப் பொழுதுக்கு வேலை தேடுகிறது. ஊட்னடாட்டா வரை போகிறவர் உலுருவைப் பார்க்காமல் திரும்பலாமா என்று வீட்டில் ஒரு குரல் எழுகிறது. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் அந்தப் பாறை, போக மட்டும் எழுநூறு கிலோமீட்டர். வெற்று நாள்கள் அட்டவணையிலிருந்து மறைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சராசரி ஏன் பொய்க்கிறது என்பதில் இரு கொள்கையர் உளர். கிலோமீட்டர்க் கொள்கையர், தூரத்தைச் சரியாக அளந்தால் போதும் என்பர். இவர்களுக்கு மறுமொழியாக அந்தப் பாலையே ஒரு சான்று வைத்திருக்கிறது. மூன்று எல்லைகள் கூடும் மூலையை 1880இல் அளந்து கம்பம் நட்டவர் அகஸ்டஸ் போப்பல். பின்னர் பார்த்தபோது அவருடைய அளவுச் சங்கிலி ஓர் அங்குலம் நீண்டிருந்தது; கம்பத்தைப் பிடுங்கி இடம் மாற்றி நட வேண்டியதாயிற்று. அளப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு நேர்ந்தது இது. மணிக் கொள்கையர் இவர்களினும் தெளிந்தவர். தூரத்தை விடு, மணியை எண்ணு என்பர். தார்ச் சாலையில் ஒரே நாளில் தொள்ளாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவரே மணல்மேட்டில் நூறைத் தாண்டினால் மகிழ வேண்டும். பிரெஞ்சு பெட்ரோலிய நிறுவனம் எண்ணெய் தேடி 1963இல் போட்ட பிரெஞ்சு லைன் என்னும் தடம், மேடுகளைச் சுற்றிப் போகாமல் குறுக்கே வெட்டிக்கொண்டே போகிறது. ஏற்றமும் இறக்கமும் முடிவதில்லை. டயரின் காற்றை நாற்பது பி.எஸ்.ஐ.யிலிருந்து பதினாறு, பதினெட்டுக்கு இறக்கவும் பின்னர் ஏற்றவும் நேரம் பிடிக்கும். ஜூலையில் அங்கே பகல் பத்தரை மணிக்குச் சற்றுக் கூடுதல். அந்தி சாய்ந்ததும் கங்காருக்கள் தடத்துக்கு வந்துவிடுவதால் இருட்டில் ஓட்டலாகாது. கூடாரம் பிரிக்க, மடிக்க, சமைக்கக் கழித்தால் ஓட்டுவதற்கு ஆறு மணி மிஞ்சும். குயின்ஸ்லாந்து எல்லையைக் கிழக்கே கடந்ததும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ள வேண்டும். அந்த அரை மணியையும் கழித்துக்கொள்க. (கோடையில் மூன்று பக்கமும் மூன்று நேரம் என்பதால் போப்பல் மூலையில் ஓரிரவில் மூன்று முறை புத்தாண்டு கொண்டாடலாம் என்று ஆசைப்படுவோர் உண்டு. அன்றைக்குப் பூங்கா பூட்டியிருக்கும்.)

மணிக் கொள்கையர் இவ்வளவு தூரம் சரி. ஆனால் ஓடும் வண்டியின் மணியைத்தான் அவர்களால் எண்ண முடிகிறது. நின்ற வண்டியின் மணிக்கு அவர்களிடம் வாய்பாடு இல்லை. மேடுகளுக்கு இடையே கிடப்பது களிமண்ணும் உப்புப் படுகையும். நல்ல மழை ஒன்று பெய்தால் சக்கரம் சேற்றைச் சுற்றிக்கொண்டு உருண்டைக் கட்டையாகிவிடும். சாலை அதிகாரிகள் தடத்தை மூடிவிடுவார்கள். மூடிய தடத்தில் ஓட்டினால் அபராதம். இதைவிட விந்தை, மேகமே இல்லாத நாளில் வரும் வெள்ளம். 2025 மார்ச் இறுதியில் மேற்குக் குயின்ஸ்லாந்தில் கொட்டிய மழை ஆற்றுப் படுகைகள் வழியே ஊர்ந்து, வாரங்கள் கழித்துத் தெற்கே காட்டி தண்டா ஏரியை எட்டியது. கூப்பர் ஆறு அப்படிப் பெருகும்போது பேர்ட்ஸ்வில் தடத்தையே குறுக்கே அறுத்துவிடும். வாகனங்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள், வரிசையில் நிற்க வேண்டும். தூரம், வேகம், பகல் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட வாய்பாட்டை இந்தச் சூழல் பூஜ்ஜியத்தால் பெருக்கிவிடுகிறது.

துணிபுக்குத் தலைமைச் சான்று பர்க், வில்ஸ் ஆகியோரின் பயணம். 1860 ஆகஸ்ட் 20 அன்று மெல்போர்னின் ராயல் பூங்காவிலிருந்து தென்கடல் தொட்டு வடகடல் வரை போகப் புறப்பட்ட அந்தக் குழுவின் சரக்கு ஏறத்தாழ இருபது டன். செடார் பலகை பொருத்திய ஓக் மேசை, நாற்காலிகள், வாணங்கள், ஒரு சீனச் சேகண்டி, ஈராண்டுக்குப் போதும் உணவு. இவற்றோடு கராச்சியிலிருந்து கப்பலேறிய ஒட்டகங்கள். பட்டியலைப் படிப்போர் இவர்கள் எதை மறந்தார்கள் என்று திகைப்பர். மறந்தது நாளை. தெற்கு ஆஸ்திரேலியா முதலில் கடப்பவருக்கு இரண்டாயிரம் பவுண்டு பரிசு அறிவித்திருந்தது. ஸ்டூவர்ட் என்பவர் போட்டியில் இருந்தார். ஆகவே பர்க் சரக்கையும் ஆளையும் வழி நெடுகப் பின்னே விட்டுவிட்டு விரைந்தார். கூப்பர் ஆற்றங்கரையில் பிராஹே என்பவரை மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லி, மூவருடன் 1860 டிசம்பர் 16இல் வடக்கே கிளம்பினார். பிராஹே நான்கு மாதமும் ஐந்து நாளும் காத்திருந்தார். 1861 ஏப்ரல் 21 காலையில் ஒரு மரத்தடியில் உணவைப் புதைத்து, தோண்டு என்று மரத்தில் செதுக்கிவிட்டுப் புறப்பட்டார். அன்று மாலையே பர்க், வில்ஸ், கிங் மூவரும் அங்கே தள்ளாடி வந்து சேர்ந்தனர். நான்காமவரான கிரே சில நாள் முன்பு வழியில் இறந்திருந்தார். அவரை அடக்கம் செய்ய ஒரு நாள் தங்கியிருந்தனர். செய்ய வேண்டிய கடமைதான். அதற்கென ஒரு நாள் அவர்கள் கணக்கில் இல்லை. அவர்கள் வேறு திசையில் போன பின், மே மாதத்தில் பிராஹே ஒருமுறை திரும்பி வந்து பார்த்தார்; யாரும் வந்துபோனதற்கு அடையாளம் தென்படாமல் மீண்டும் போய்விட்டார். பர்க்கும் வில்ஸும் அந்தக் குளிர்காலத்தில் மாண்டனர். யந்துருவந்தா மக்கள் சோறிட்டுக் காத்ததால் கிங் ஒருவர் மட்டும் பிழைத்தார்.

அற்றேல், 1860ஐ இன்றைக்குக் காட்டுவது பொருந்துமா, அன்று செயற்கைக்கோள் தொலைபேசி இருந்ததா எனின், இருந்திருந்தால் உயிர் தப்பியிருப்பர் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயின் அந்தக் கருவி தடம் மூடியிருக்கிறது என்று சொல்லும், திறந்துவிடாது. வானிலை அறிக்கை மழை எப்போது வரும் என்று சொல்லும். களிமண் எப்போது காயும் என்பது வெயிலும் காற்றும் முடிவு செய்வது. ஒருகாலத்தில் அந்தப் பாலைக்குள்ளேயே வாழ்ந்த வாங்கங்குரு மக்கள், மணலில் ஆழத் தோண்டிய கிணறுகளை நம்பியிருந்து, மழை பெய்தபின் வெளியே பரவி, வறண்டதும் கிணற்றுக்கே திரும்பினர். அவர்களுடைய நாட்காட்டி தண்ணீர். டெட் கோல்சன் என்பவர் 1936இல் பீட்டர் ஐன்ஸுடன் ஒட்டகத்தில் அந்தப் பாலையைக் கடந்தபோது, நல்ல மழை பெய்த பருவத்தைப் பார்த்தே புறப்பட்டார். மோட்டார் வண்டியில் முதன்முதல் கடந்தவர் 1962இல் புவியியலாளர் ரெக் ஸ்பிரிக். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூடவே சென்றனர். ஆகவே குடும்பத்தோடு போவது பாலைக்குப் புதிதன்று. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தாக வேண்டும் என்னும் நிபந்தனைதான் புதிது. அந்த வகையில் இன்றைய விடுமுறைப் பயணி கோல்சனுக்குத் தூரத்து உறவு; பர்க்குக்கு நெருங்கிய உறவு.

சம்பளத்தோடு கிடைக்கும் விடுப்பு நாளை வேண்டுமென்றே ஒன்றும் செய்யாமல் கழிப்பது வீண் என்பது அடுத்த தடை. இதுதான் வலுவான தடை. பணம், பிள்ளைகளின் முகம், ஊர் திரும்பியபின் காட்ட வேண்டிய படங்கள் எல்லாம் இதன் பக்கம். எனினும் வெற்று நாள் இல்லாத அட்டவணைக்காரர் வெற்று நாளைத் தவிர்த்துவிடுவதில்லை என்பதைக் கவனிக்க. மரீயில் தடம் திறக்கும் என்று காத்துக்கிடப்பதும், உதிரிப் பாகம் அடுத்த வண்டியில் வரும் என்று உட்கார்ந்திருப்பதும் வெற்று நாளே. இடமும் காலமும் அவர் தேர்ந்ததல்ல என்பது ஒன்றே வேறுபாடு. அதைவிடக் கேடு, இழந்த நாளை ஈடுகட்ட அந்திக்குப் பின்னும் ஓட்டுவது. மேட்டின் உச்சியில் எதிரே வரும் வண்டிக்குத் தெரிய மூன்றரை மீட்டர் உயரத்தில் கொடி கட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இருட்டில் கொடி யாருக்குத் தெரியும்? அப்படியானால் பதினாறு நாளில் சிம்சனைத் தொடவே வேண்டாம், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரோடு திரும்பலாம் என்று ஒரு சாரார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு வெற்று நாள் வைக்க இடமில்லாத அட்டவணைக்காரருக்கு ஃபிளிண்டர்ஸே தக்க இடம், அழகிலும் குறையில்லை. உலுருவை விட்டால் இடம் கிடைக்கும் என்பவர் சிம்சனுக்குப் போகலாம்.

எத்தனை, எங்கே என்பது எஞ்சியிருக்கிறது. புறப்படும் முன் வைத்த வெற்று நாள் மூட்டை கட்டுவதில் கரையும். கடைசியில் வைத்தது, வண்டியின் செம்புழுதியைக் கழுவலாம் என்ற சாக்கில் வீட்டுக்கு ஒரு நாள் முன்னதாகவே இழுத்து வந்துவிடும். ஆகவே மணலுக்கு முன் ஒன்று, மணலுக்குப் பின் ஒன்று. முன்னதற்குத் தக்க இடம் டல்ஹவுசி: 34 முதல் 38 பாகை வரை வெதுவெதுப்பான ஊற்றுக் குளம், கழுத்தளவு நீரில் கிடப்பவரை யாரும் சோம்பேறி என்பதில்லை. கொசு உண்டு. பின்னதற்கு பேர்ட்ஸ்வில்: பஞ்சர் ஒட்டலாம், டீசல் நிரப்பலாம், அந்த ஊர் பேக்கரிக்குப் பேர் வாங்கித் தந்த ஒட்டகக் கறி பையைச் சுவைக்கலாம். பர்க்கின் ஒட்டகங்களை நினைத்துக்கொண்டு சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவரவர் கொள்கை. கடைசியாக நடைமுறைச் சிக்கல் ஒன்று: காலிக் கட்டத்தை எந்தக் குடும்பமும் அங்கீகரிப்பதில்லை, பார்த்தவுடன் யாரேனும் அதில் ஓர் ஊரை எழுதிவிடுவார்கள். எனவே டல்ஹவுசிக்கு நேரே “சஸ்பென்ஷன் பரிசோதனை” என்றும், பேர்ட்ஸ்வில்லுக்கு நேரே “டயர் சுழற்சி, போல்ட் இறுக்கல்” என்றும் எழுதி வைப்பது நலம். அதைக் கேள்வி கேட்பவர் உதவிக்கு வர வேண்டியிருக்கும் என்பதால் யாரும் கேட்பதில்லை. இரண்டிலும் உண்மையாகவே ஓர் அரை மணி செலவழித்துவிட்டால் மனசாட்சிக்கும் கணக்கு நேராகும்.