டர்போ குடிக்கும் காற்று: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: புதுசா ஒரு டர்போ பெட்ரோல் கார் எடுத்திருக்கேனுங்க. 'கோல்டு ஏர் இன்டேக் மாட்டினா வண்டி பறக்கும்'னு ஒரு கடையில சொல்றாங்க. முப்பதாயிரம் கேக்கறாங்க. மாட்டலாமுங்களா?
– வாழைத்தார் வியாபாரி, பொத்தனூர்

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன்னால் பானெட்டைத் திறங்க. ஏர் பில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டியிலிருந்து ஒரு குழாய் கிளம்பும். அதை விரலால் தடவிக்கொண்டே போங்க. பெரும்பாலான புதுக் கார்களில் அது முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் போய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அங்கே வருவது வெளிக்காற்று. இன்ஜின் சூடு படாத காற்று. நீங்கள் முப்பதாயிரம் கொடுத்து வாங்க நினைப்பது ஏற்கெனவே உங்கள் வண்டியில் இருக்கிறது, தனியாகப் பெயர்தான் வைக்கவில்லை.

குளிர்ந்த காற்றுக்கு ஏன் இத்தனை மவுசு என்றால், அது அடர்த்தியானது. 25 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்றில் சுமார் 5 சதவீதம் சத்துக் குறைவு. டர்போ இல்லாத வண்டிக்கு அந்த 5 சதவீதம் பெரிய விஷயம். டர்போ வண்டியின் கதை வேறு. எலுமிச்சம்பழ அளவுள்ள ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கும் மேல் சுழன்று காற்றை நெருக்கித் தள்ளுகிறது. நெருக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடுமே, அதே சங்கதிதான். சித்திரை வெயிலில் 40 டிகிரியில் உள்ளே போகும் காற்று, டர்போ முழு மூச்சில் தள்ளும்போது 100 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். அதைத் தணிக்கத்தான் ரேடியேட்டர் பக்கத்தில் இன்டர்கூலர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வாசலில் இரண்டு மூன்று டிகிரி குறைத்தால் அந்த லாபத்தில் பெரும்பகுதியை இன்டர்கூலர் கரைத்துவிடும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதையும் இன்ஜின் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. காற்று லேசானால் டர்போவைக் கூடுதலாகச் சுற்றவைத்துச் சரிக்கட்டிக்கொள்ளும்.

ஆக, கம்பெனிப் பெட்டி ஒழுங்காக இருக்கிற வண்டியில், கம்ப்யூட்டரைத் தொடாமல் இன்டேக்கை மட்டும் மாற்றினால் கிடைப்பது கொஞ்சம் சுறுசுறுப்பு, நிறையச் சத்தம். நீங்கள் மாட்ட வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

கேள்வி: மைலேஜ் கூடுமா?
– பாண்டமங்கலம்

பதில்: கூடாது. சத்தம் கேட்கும் ஆசையில் மிதிப்பீர்கள். குறையும்.

கேள்வி: பெட்டியையே கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி இருக்கும் பில்டரை நேராகக் குழாயில் மாட்டுகிறார்களே, காற்று தாராளமாகப் போகுமல்லவா?
– பாலிடெக்னிக் மாணவர், நாமக்கல்

பதில்: தாராளமாகப் போகும், என்ன காற்று என்பதுதான் கேள்வி, தம்பி. பெட்டி போனால் அந்தக் கூம்பு பானெட்டுக்குள் இருக்கும் காற்றைத்தான் குடிக்கும். டோல்கேட்டில் ஐந்து நிமிடம் நின்றால் அங்கே 60 டிகிரி சாதாரணம். கோல்டு ஏர் என்று காசு கொடுத்துவிட்டு அடுப்படிக் காற்றை ஊட்டுகிற கதை. கூம்புதான் வேண்டும் என்றால், அதைச் சுற்றித் தடுப்புப் பெட்டி இருக்கிறதா, அந்தப் பெட்டியின் மேல் விளிம்பு ரப்பர் பட்டையோடு பானெட்டில் அழுந்துகிறதா, வெளிக்காற்றுக்குத் தனி வழி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டில் லட்சக்கணக்கான பேர் மாட்டுகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?
– கார் பிரியர், பரமத்தி

பதில்: பயமுறுத்தவில்லை, நம் ஊரைப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போய்த் திரும்பினால் இரண்டரை லிட்டர் பெட்ரோல் என்று வையுங்கள். ஒரு நடைக்கு இருபதாயிரம் லிட்டருக்கு மேல் காற்றை உங்கள் கார் உறிஞ்சுகிறது. அந்தக் காற்றில் என்னவெல்லாம் இருக்கிறது? வெல்ல ஆலைப் புகைபோக்கியிலிருந்து பறக்கும் கரும்புச் சக்கைச் சாம்பல். தேங்காய் நார்த் தூசு. கோழித்தீவன லாரி சிந்திக்கொண்டே போகும் மாவு. காவிரி ஆற்றைத் தாண்டினால் க.பரமத்திப் பக்கத்துக் கல்குவாரிப் பொடி. இதில் எனக்குப் பயம் அந்தக் கடைசி ஆளிடம்தான். சாம்பலும் மாவும் பில்டரை அடைக்கும், அவ்வளவுதான். கல்பொடி இன்ஜினைத் தின்னும். ஒன்றரை லட்சம் சுற்றில் சுழலும் டர்போ இறக்கையின் விளிம்பை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மிச்சம் மீதி சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்த்து, ஆயிலில் கலந்து பேரிங்குக்கும் போய்ச் சேரும்.

அதனால் பில்டர் வாங்கும்போது 'எவ்வளவு காற்று விடும்' என்று கேட்பதற்கு முன்னால் 'எவ்வளவு தூசு பிடிக்கும்' என்று கேளுங்கள். அதற்கு ஐ.எஸ்.ஓ. 5011 என்று உலகம் முழுவதும் ஒரே சோதனை முறை இருக்கிறது. கணக்குப் பார்த்த மண்பொடியைக் காற்றோடு ஊதி, எத்தனை கிராம் பில்டரைத் தாண்டுகிறது என்று எடைபோடுவார்கள். அந்தச் சோதனைத் தாளைக் காட்டும் கம்பெனியின் பொருளை நம்பி வாங்கலாம். குதிரைசக்தி எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தால் அட்டைப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யும் சோதனையும் உண்டு. புது பில்டர் மாட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியபின், இன்ஜினை நிறுத்திவிட்டு, பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளை வேட்டித் துணியால் துடையுங்கள். துணியில் பழுப்பாக மண் ஒட்டினால் பில்டரோ, அதன் ரப்பர் விளிம்போ, கிளாம்ப்போ விட்டுக்கொடுக்கிறது. ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் கழற்றுங்கள்.

கேள்வி: பேப்பர் பில்டரா, எண்ணெய் தடவிய பஞ்சுத்துணி பில்டரா?
– ஜேடர்பாளையம்

பதில்: நம் மண்ணுக்கு என் ஓட்டு பேப்பருக்கு. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது துணி பில்டரின் கவர்ச்சி. நானும் அதில் மயங்கியவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் கழுவி எண்ணெய் போட்டுக் கொடுத்தார்கள். துணி சிவக்கச் சிவக்க ஊற்றியிருந்தார்கள். கரூர் போவதற்குள் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, வண்டி இழுக்கவே இல்லை. உள்ளே வரும் காற்றை அளக்க மயிரிழைக் கம்பி வைத்த சென்சார் ஒன்று என் வண்டியில் இருந்தது. எண்ணெய்ப் படலம் அதன்மேல் படிந்து, அதில் தூசு ஒட்டி, கணக்கே தப்பிவிட்டது. சென்சாரை மாற்றிய செலவில் பத்து பேப்பர் பில்டர் வாங்கியிருக்கலாம். எல்லா டர்போ காரிலும் அந்த வகை சென்சார் கிடையாது. உங்கள் வண்டியில் உண்டா என்று சர்வீஸில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பேப்பர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பங்ச்சர் கடைக் காற்றை பில்டரில் அடிக்காதீர்கள். அந்த வேகத்தில் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். தட்டி உதறுங்கள், போதும். கையேட்டில் 40,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் ஆலைப்பக்கம், குவாரிப்பக்கம் ஓடும் வண்டிக்குப் பாதியிலேயே புதுசு மாட்டுங்கள்.

கேள்வி: அந்த 'புஸ்ஸ்ஸ்' சத்தத்துக்காகவே மாட்ட ஆசை. தப்பா?
– கல்லூரி மாணவர், மோகனூர்

பதில்: தப்பே இல்லை. காலை எடுத்ததும் டர்போ பெருமூச்சு விடுமே, அதைக் கேட்டுச் சிரிக்காத டிரைவரை நான் பார்த்ததில்லை. 'சத்தத்துக்காக மாட்டுகிறேன்' என்று நேராகச் சொல்கிறீர்கள் பாருங்கள், உங்களுக்கு என் ஆசீர்வாதம். மூடிய பெட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய பெட்டியைப் பத்திரமாகப் பரண்மேல் போடுங்கள். வேகத்தைப் பார்க்கும் ஆசையைக் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் காவிரிப் பாலத்தில் மட்டும் வேண்டாம் சாமி, ஆடிப்பெருக்கு சமயத்தில் அதன் ஓரமாகக் குழந்தை குட்டிகளோடு ஜனம் நடந்து போகும்.

கேள்வி: ஆர்.டி.ஓ. பிடிப்பாரா?
– பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: அதே பெட்டிக்குள் அதே அளவில் வேறு பில்டர் போட்டதற்காக யாரையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால், டர்போ போனால் முதலில் பார்ப்பது உங்கள் இன்டேக்கைத்தான்.

கேள்வி: பம்பருக்குள் கீழே இறக்கிவைக்கும் நீளக் குழாய்தான் ரொம்பக் குளிர்ச்சி என்கிறார்களே?
– ப.வேலூர்

பதில்: குளிர்ச்சிதான். ஐப்பசி மழையில் இன்னும் குளிர்ச்சி, தண்ணீரையே குடித்துவிடும்! காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள். சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கப்பா நாப்பது வருசமா லாரி ஓட்டறவருங்க. 'டர்போவெல்லாம் எங்களுக்குப் பழசு, காரைப் பத்தி எங்கிட்டக் கேளு'ங்கறாரு. கேக்கலாமுங்களா?
– லாரி உரிமையாளர் மகள், நாமக்கல்

பதில்: முதலில் அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும், அம்மிணி. லாரி கேபினுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு குழாய் எழுந்து நிற்கிறதே, அதுதான் நிஜமான கோல்டு ஏர் இன்டேக். சக்கரம் கிளப்பும் புழுதி தரையோரத்தில்தான் கனம். உயரப் போகப் போகக் காற்று சுத்தம், இன்ஜின் சூடும் எட்டாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் இதற்கும் ஒரு படி மேலே. பாறையைப் பொடியாக்கி முகத்துக்கு நேரே ஊதிக்கொண்டே, அந்தக் காற்றையே இழுத்து வேலை செய்யும் வண்டி அது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பில்டர் வைத்திருப்பார்கள். வெளியே இருப்பது அடைந்தால் மாற்றுவார்கள், உள்ளே இருப்பதைத் தட்டக்கூட மாட்டார்கள், நேரம் வந்தால் தூக்கிப்போட்டுப் புதுசுதான்.

அப்பாவைக் கூப்பிட்டு உங்கள் கார் பானெட்டைத் திறந்து காட்டுங்கள். பெட்டியின் நாலு கிளிப்பும் விழுந்திருக்கிறதா என்றுதான் அவர் கை முதலில் போகும். கூடவே நின்று, அந்தக் கை எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.