லேமினேட் செய்த பழுது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சர்வரில் அப்டேட் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறவனைப் பிடித்து உள்ளே வைக்க இந்த நாட்டில் இன்னும் ஒரு சட்டப்பிரிவு வரவில்லை. வந்திருந்தால் திங்கட்கிழமை காலையில் தர்மபுரி மாவட்டத்து அரூரில் ஓர் அலுவலகக் கவுன்ட்டர் முன்னால் அத்தனை பேர் நின்றிருக்க மாட்டார்கள்.

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற அலுவலகங்கள் நிம்மதியாகிவிடும். கண்ணாடி ஜன்னலில் ‘சர்வர் பழுது, சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு தாள் தொங்கியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். லேமினேட் செய்திருந்தார்கள். மேலே இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு கோத்திருந்தார்கள்; மாட்டவும் கழற்றவும் வசதி. அடிக்கடி தேவைப்படும் என்று தெரிந்து, காசு செலவழித்து, தூசி படாமல் பாதுகாக்கிறார்கள். அந்த வளாகத்தில் முன்யோசனையோடு செய்யப்பட்ட ஒரே வேலை அதுதான்.

சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர் ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்டார்.

“ஏன் சார், போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க?”

“நான் என்ன பண்றது பெரியவரே? மேல இருந்து ஆள் வந்து பாக்கணும்.”

“எப்ப சார் வருவாங்க?”

“அது சொல்ல முடியாது. போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்க.”

“எந்த நம்பருக்கு சார்?”

இதற்குப் பதில் இல்லை. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மரவள்ளி பிடுங்குகிற நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கும் டீக்கும் கைக்காசு போட்டு வந்தவர் அவர். இந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

காத்திருப்பு என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று அரசு ஊழியர்கள் செய்த அட்டூழியத்துக்குத் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29 அன்று. அந்த ரணத்தோடு ஒரு சர்வர் கோளாறை ஒப்பிட நான் துணியமாட்டேன். ஆனால் இந்த மண்ணில் நின்றுகொண்டு, இந்த மக்களைப் பார்த்து ‘போய்ட்டு அப்புறம் வாங்க’ என்று சொல்பவர்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

சரி, அப்படி என்னதான் பழுது? பின்னறையில் இருந்த ஒப்பந்தப் பணியாளர் தம்பி திரையைக் காட்டினார். சர்வரை ஓட்டும் டெபியன் என்ற லினக்ஸை 12-லிருந்து 13 ஆக்கியிருக்கிறார்கள். டெபியன் 13 வெளிவந்தது 2025 ஆகஸ்ட்டில். அதோடு வருவது லினக்ஸின் கருவான கெர்னலின் 6.12 பதிப்பு. அலுவலகத்தின் மென்பொருள் ஓடுவது அந்தச் சர்வருக்குள் வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஏற்றிய ஒரு மெய்நிகர் கணினியில். அது எழுந்திருக்க மறுத்தது. இன்டெல் சிப்பில் மெய்நிகர் கணினிகளை ஓட்டுவதற்கென்று ஒரு வசதி உண்டு. அதே வேலைக்காக லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம் என்ற பகுதி, யாராவது தன்னிடம் மெய்நிகர் கணினி ஓட்டச் சொன்னால்தான் முன்பெல்லாம் அந்த வசதியைக் கையில் எடுக்கும். 6.12 முதல், கேவிஎம் நினைவகத்தில் ஏறிய நொடியிலேயே எடுத்துக்கொள்கிறது. பின்னால் வரும் வெர்ச்சுவல்பாக்ஸ், மாற்றல் உத்தரவோடு வந்து தன் நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் தாசில்தார் மாதிரி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இதில் மர்மம் ஏதுமில்லை. கேவிஎம்மை முடக்கு என்று திரையில் வந்த பிழைச் செய்தியே சொல்கிறது. கேவிஎம் மாட்யூலை இறக்க ஒரே ஒரு வரிக் கட்டளை போதும். நிரந்தரமாகத் தீர வேண்டுமானால், பூட் அமைப்பில் கேவிஎம்முக்கான ‘எனேபிள் விர்ட் அட் லோட்’ என்ற குறிப்பைப் பூஜ்யமாக்க வேண்டும். அதுவும் கைவரவில்லையா? அப்டேட் போட்டாலும் பழைய கெர்னல் எங்கும் ஓடிவிடுவதில்லை. யாரும் மெனக்கெட்டு நீக்காதவரை பூட் மெனுவில் அப்படியே இருக்கும். அம்புக்குறியைக் கீழே தள்ளி அதைத் தேர்ந்தெடுத்தால் டீ ஆறுவதற்குள் சர்வர் எழுந்து ஓடியிருக்கும். பெரியவரும் மத்தியான பஸ்ஸைப் பிடித்திருப்பார்.

“உங்களுக்கே தெரிஞ்சிருக்கே தம்பி, ஏன் செய்யலை?” என்றேன்.

“பாஸ்வேர்டு கம்பெனிகிட்ட இருக்குங்க சார். அவங்க ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ன்றாங்க. நானும் பண்ணிட்டேதான் இருக்கேன்.”

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழுதைப் புரிந்தவன் கையில் சாவி இல்லை. சாவி வைத்திருப்பவனுக்குப் பழுது பற்றிக் கவலை இல்லை. ஒப்பந்தம் எடுத்த கம்பெனி, எடுத்ததை இன்னொரு கம்பெனிக்குக் கைமாற்றியிருக்கிறது. அந்தக் கம்பெனியின் இன்ஜினியர் கல்லூரியில் மடிக்கணினியில் பழகிய வெர்ச்சுவல்பாக்ஸையே சர்வரிலும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கேவிஎம் 2007-லேயே கெர்னல் 2.6.20-இல் சேர்ந்துவிட்டது, சர்வருக்கென்று, இலவசமாக, அதே இயந்திரத்துக்குள்ளேயே கிடக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு மேஜைக் கணினிக்கான மென்பொருளை ஏற்றியதற்குப் பில்லில் கம்பீரமான பெயர் ஒன்று இருந்திருக்கும்.

ஆள் கிடைக்கவில்லை என்ற கதையும் எடுபடாது. 2011 முதல் தமிழ்நாடு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் என்ற லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். அதை நோண்டிக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் தர்மபுரி மாவட்டத்தில் இல்லையா? இருக்கிறார்கள், பெங்களூரில் அடுத்தவர் சர்வரைப் பார்த்துக்கொண்டு.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. நம் விமான நிலையங்களிலும் அன்று குழப்பம்தான். ஆனாலும் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்து ஆட்களை ஏற்றினார்கள். அந்த நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். என்ன தவறு, எப்படி நடந்தது என்று சில வாரங்களில் அறிக்கையும் வெளியிட்டார்கள். முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கப் போகிறவனுக்குக் கையெழுத்துத் துண்டு செல்லும். சித்தேரிக்குத் திரும்பப் போகிறவருக்கு ‘மனு பெறப்பட்டது’ என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் செல்லாதாம். கம்ப்யூட்டரில் ஏறாதது நடக்கவே இல்லையாம்.

அப்டேட்டே போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போடாமல் விட்ட சர்வரில் எவன் வேண்டுமானாலும் புகுவான். போடுவதற்கு முன் ஒரு நகல் எடு, இன்னொரு இயந்திரத்தில் ஓட்டிப் பார், செவ்வாய்க்கிழமை போடு, போட்ட மறுநாள் ஊரில் இரு. லினக்ஸ் படிக்கிற பிள்ளைக்கு முதல் மாதமே சொல்லித் தருகிற பாடம் இது. கோடிகளில் டெண்டர் எடுக்கிறவர்களுக்கு மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

அடுத்த முறை ‘சர்வர் டவுன்’ என்று உங்களைத் திருப்பி அனுப்பினால் கவுன்ட்டரில் இருப்பவரோடு சண்டை போடாதீர்கள்; அவரும் பாஸ்வேர்டு இல்லாதவர்தான். அது அரசு அலுவலகமானால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மனு எழுதுங்கள். இந்த ஆண்டு சர்வர் எத்தனை மணி நேரம் நின்றது, அப்டேட்டுக்கு அனுமதி கொடுத்து கையெழுத்துப் போட்டது யார், பராமரிப்பு ஒப்பந்தப்படி கம்பெனியிடம் அபராதம் எவ்வளவு பிடித்தீர்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மனுவை ஆன்லைனில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தபாலில் அனுப்புங்கள்.