ஏறுங்க சார், இறங்குங்க சார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தெரு வழியாகப் போகாதீர்கள். செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவான். “சார், பால் வாங்கவா? ஒரு பத்து நிமிஷம் வண்டில உக்காருங்க சார். சும்மா உக்காந்தா போதும்.”

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, எங்கே குடிபோனாலும் தெருவுக்கு ஒரு தம்பி இப்படி இருக்கிறான். மாருதி 170 மில்லிமீட்டர் தரை இடைவெளியோடு விற்ற பழைய ஸ்விஃப்ட்டை, ‘வீலுக்கு மேல கேப் அசிங்கமா இருக்கு’ என்று ஸ்பிரிங் மாற்றி மூன்று விரல் இறக்கியிருப்பான். இறக்கியதோடு விட்டானா? புஷ் இருக்கிறதே!

சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ். வெளியே இரும்பு வளையம், உள்ளே இரும்புக் குழாய், இரண்டையும் பிடித்தபடி நடுவில் ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் அசையாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். எந்த நிலையில் போல்ட்டை முறுக்கினோமோ, அந்த நிலையில்தான் ரப்பருக்கு ஓய்வு. வண்டியை இறக்கினால் ஆர்மின் கோணம் மாறும். அப்படியே விட்டால், ராத்திரி முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கியவன் கதிதான் ரப்பருக்கு. சீக்கிரம் கிழியும். அதனால் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போது புது உயரத்தில் மறுபடி முறுக்க வேண்டும். இவ்வளவும் நான் பின் சீட்டில் உட்கார்ந்து, சீட்டுக்கு அடியிலிருந்து வந்த குரலில் படித்த பாடம்.

காலி வண்டியாக நிறுத்தி முறுக்கினால் போதும் என்று பட்டறையில் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. “வண்டி காலியாவா சார் ஓடப் போகுது?” ஆகவே தெருவில் யார் எத்தனை கிலோ என்று கணக்கு வைத்திருக்கிறான். முன் சீட்டில் எல்.ஐ.சி. மாமா, பின்னால் இடப் பக்கம் நான், வலப் பக்கம் ஈடுகட்ட அரிசி மூட்டை. வியர்த்து ஊற்றும்; கண்ணாடியை இறக்கக் கையை நீட்டினால், “ஆடாதீங்க சார், முறுக்கிட்டிருக்கேன்” என்று கீழேயிருந்து அதட்டல் வரும். எங்காவது கீச்சென்று கேட்டால் அடுத்த ஞாயிறும் இதே கச்சேரி. சர்க்கரைக்குப் பயந்து வாக்கிங் போய் மாமா ஏழு கிலோ இளைத்தார். தெருவே பாராட்டியது. இவன் மட்டும் முகம் வாடிப்போய், “இப்படிப் பண்ணிட்டீங்களே மாமா, திரும்ப செட் பண்ணணுமே” என்றான்.

உட்கார்ந்ததற்குக் கூலி உண்டு: “வாங்க சார், ஆவடியில டிராப் பண்றேன்.” சி.டி.எச். ரோட்டைத் தொடுவதற்குள் முதல் ஸ்பீட் பிரேக்கர். “சார், கொஞ்சம் இறங்கிக்குங்க.” இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்கில் ஸ்பீட் பிரேக்கர் என்பது 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டருக்கு மெல்ல எழும் மேடு. எங்கள் தெருவில் இருப்பது, யாரோ வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட். நாங்கள் ஓரமாக நிற்க, அவன் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவான். பின்னால் தண்ணி லாரி ஹாரனிலிருந்து கையை எடுக்காது. தாண்டியதும் ஏறுங்க சார். அடுத்த மேட்டில் இறங்குங்க சார்.

ஏறச் சொல்வது புஷ்ஷுக்காக, இறங்கச் சொல்வது சைலன்ஸருக்காக. மனுஷனுக்காக அந்த வண்டியில் ஒன்றும் கிடையாது.

“கார்னரிங் பாருங்க சார்” என்பான். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பேச வேண்டிய பேச்சு, அம்பத்தூர் ஓ.டி. நெரிசலில் ஏது கார்னர்? கேட்டால், “அர்ஜுன் டாங்கிக்கு ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் நம்ம ஆவடியிலதான் சார் டிசைன் பண்ணாங்க” என்று ஊர்ப்பெருமை பேசுவான். உண்மைதான். அது மேடு பள்ளம் பார்க்காமல் ஓடுவதற்காகச் செய்தது, தம்பி.

புஷ் விஷயத்தில் அவன் சொல்வது சரி என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். இறக்காத என் வண்டிக்கே ஒரு பட்டறையில் புஷ் மாற்றி, லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே முறுக்கி அனுப்பிவிட்டார்கள். இவன்தான் வெயிலில் படுத்து எல்லாவற்றையும் தளர்த்தி, முறைப்படி முறுக்கிக் கொடுத்தான். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

ஆனால் அவன் அம்மாவைப் பார்த்தால் அந்த நன்றியெல்லாம் போய்விடுகிறது. முட்டி வலிக்காரர். தரையோடு கிடக்கும் சீட்டிலிருந்து அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். மேட்டுக்கு மேடு இறங்கி ஏறுவது எங்கே? ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிறார். பின்னாலேயே காரில் கிளம்பும் மகன், அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் நேரத்துக்குப் போய்ச் சேருகிறான்.

பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடு தம்பி. உயரம் மாறினால் புஷ் போல்ட்டெல்லாம் தளர்த்தித் திரும்ப முறுக்க வேண்டும், தெரியும். அதற்குக் கூப்பிடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடாமல் உட்காருகிறேன்.